காற்றின் ஈரத்தை அளந்தவர் – வில்லிஸ் கேரியர்

குளிருக்கு அஞ்சிய மனிதன் நெருப்பை மூட்டக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. புழுக்கத்துக்கு அஞ்சிய மனிதனோ, மர நிழலையும் பனையோலை விசிறியையும் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியையும் தவிர வேறு துணையின்றி நெடுங்காலம் வாழ்ந்தான். அரசர்களுக்கும் இதுவே கதி. அவர்களுக்கு விசிறி வீச ஓர் ஆள் இருந்தான் என்பதே வேறுபாடு. இந்த நிலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறத் தொடங்கியது. அம்மாற்றத்துக்கு வித்திட்டவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர் ஆவார்.

குளிர்சாதனத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் செயற்கைக் குளிரை முதலில் உண்டாக்கியவர் அவர் அல்லர். ஃபுளோரிடாவில் வாழ்ந்த மருத்துவர் ஜான் கோரி, பனிக்கட்டி செய்யும் பொறிக்கு 1851-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அதற்கும் முன்னரே அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டி கப்பலேறி வந்து, சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் சேமிக்கப்பட்டது. குளிர் விலைக்குக் கிடைத்தது. ஆனால் இதமான காற்று கிடைக்கவில்லை. வெப்பம் என்பது துன்பத்தில் ஒரு பாதி. காற்றிலுள்ள ஈரம் மறு பாதி. கேரியர் அந்த மறு பாதியை அளந்து, அடக்கி, மனிதனின் சொற்படி நடக்கச் செய்தார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

இளமை

நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்னும் சிற்றூரில், 1876-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கேரியர் பிறந்தார். தந்தை டுவேன் கேரியர் உழவுத் தொழில் செய்து வந்தார். தாயார் எலிசபெத் ஹாவிலண்ட் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தில் வந்தவர். பழுதுபட்ட கடிகாரத்தையும் தையல் இயந்திரத்தையும் தாமே சரிசெய்யும் கைத்திறன் அவருக்கு இருந்தது. உடன்பிறந்தார் இல்லாத சிறுவன் வில்லிஸ், தாயின் அருகிலிருந்து அந்தத் திறனைக் கண்டு வளர்ந்தான்.

பள்ளியில் பின்னக் கணக்கு அவனுக்குப் புரியவில்லை. அதைக் கண்ட தாயார், நிலவறையிலிருந்து ஒரு கூடை ஆப்பிள் எடுத்துவரச் சொன்னார். ஒன்றை இரண்டாக வெட்டினார். மற்றொன்றை நான்காக வெட்டினார். இன்னொன்றை எட்டாக வெட்டினார். துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் சொன்னார். ஏட்டில் இருளாகக் கிடந்த பின்னம் கையில் ஆப்பிள் துண்டாக வந்தபோது விளங்கிற்று. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்ற பாடத்தை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அந்தப் பாடம் புகட்டிய தாய், மகனுக்குப் 11 வயதானபோது மறைந்தார்.

1893-இல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார மந்தம் அக்குடும்பத்தையும் வாட்டியது. 1894-இல் அங்கோலா பள்ளியில் படிப்பை முடித்த இளைஞருக்குக் கல்லூரிக் கனவு எட்டாக் கனியாயிற்று. சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பிறகு பஃபலோ நகரில் மேலும் ஓராண்டு படித்து, போட்டித் தேர்வில் வென்று, கார்னல் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித் தொகை பெற்றார். உதவித் தொகை கல்விக்குப் போதும்; வயிற்றுக்கு வேறு வழி வேண்டுமே! பிறர் வீட்டுப் புல்வெளியை வெட்டினார். குளிர்கால அடுப்புகளுக்கு நிலக்கரி தள்ளினார். நண்பருடன் சேர்ந்து மாணவர்களுக்கான கூட்டுறவுச் சலவைச் சாலை ஒன்றையும் நடத்தினார். 1901-இல் பொறியியல் பட்டம் அவர் கைக்கு வந்தது.

வாரம் பத்து டாலர்

பட்டம் பெற்றவர், பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில் வாரம் 10 டாலர் ஊதியத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் வெப்பமூட்டும் குழாய்த் தொகுதிகளையும், காற்றைத் தள்ளும் பெரிய விசிறிகளையும் செய்து விற்றது. மரம் உலர்த்தவும், காப்பிக் கொட்டை உலர்த்தவும், தொழிற்கூடங்களைச் சூடாக்கவும் அவை பயன்பட்டன.

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே கேரியர் ஒரு குறையைக் கண்டார். ஒரு கட்டடத்தைச் சூடாக்க எவ்வளவு நீளக் குழாய் வேண்டும், விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதற்குத் திட்டமான அளவு ஒன்றும் யாரிடமும் இல்லை. மூத்த பொறியாளர்கள் மதிப்பாகக் கணக்கிட்டு, தவறிவிடுமோ என்ற அச்சத்தில் மேலும் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்து வந்தனர். அச்சம் கூட்டிய பங்கெல்லாம் வீண் செலவாகும் அல்லவா? கேரியர் மாலை வேளைகளிலும் இருந்து சோதனைகள் செய்தார். விசிறியின் வேகம், நீராவியின் அழுத்தம், குழாயின் பரப்பு, காற்று ஏற்கும் வெப்பம் ஆகியவற்றை அட்டவணையாக்கினார். அந்த அட்டவணைகளால் ஒரே பருவத்தில் 40,000 டாலர் மிச்சமாயிற்று. நிறுவனத்தார் மகிழ்ந்து, அவருக்கென ஓர் ஆய்வுக்கூடத்தையே அமைத்துக் கொடுத்தனர். வாரம் பத்து டாலர் பெற்ற புதியவரின் கையில் இருந்தவை பென்சிலும் வெப்பமானியும்தாம்.

அச்சகத்தின் துன்பம்

1902-இல் நிறுவனத்தின் நியூயார்க் கிளையைக் கவனித்து வந்த இர்வின் லைல், புதுமையான சிக்கல் ஒன்றைக் கொண்டு வந்தார். புரூக்ளினிலிருந்த சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகம் ‘ஜட்ஜ்’ என்னும் நகைச்சுவை இதழை வண்ணத்தில் அச்சிட்டு வந்தது. வண்ணப் படம் ஒரே தடவையில் அச்சாவதில்லை. ஒவ்வொரு நிறமும் தனித்தனியே, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். ஈரம் மிகுந்த நாளில் தாள் விரியும். வறண்ட நாளில் சுருங்கும். நேற்று மஞ்சள் ஏற்றிய தாளில் இன்று சிவப்பை ஏற்றினால், உதட்டுக்குரிய சிவப்பு கன்னத்தில் போய் விழும். மையும் காயாது. தாளும் உழைப்பும் குப்பைக்குப் போகும். வறண்ட காற்று அச்சுத் தொழிலுக்கு எவ்வளவு உற்ற துணை என்பதைச் சிவகாசியை அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. புரூக்ளினுக்கு அந்த நற்பேறு இல்லை.

கேரியர் முதலில், கால்சியம் குளோரைடு கரைசலில் தோய்ந்த துணியின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஈரம் குறைந்தது, ஆனால் உப்பு கலந்த அந்தக் காற்று இரும்பை அரிக்கும் என்பதால் அவ்வழியைக் கைவிட்டார். பிறகு, வானிலைத் துறையின் அட்டவணைகளைத் துணைக்கொண்டு, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின்மீது காற்றைச் செலுத்தினால் எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் வடியும் என்று கணக்கிட்டார். கோடை நாளில் குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நாம் பார்க்கிறோம். செம்பிலிருந்து கசிந்த நீரன்று அது. சுற்றியுள்ள காற்று தன் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்ததால் இறக்கி வைத்த நீர். அதே இயற்கை நிகழ்ச்சியை அச்சகத்துக்குள் நடத்திக் காட்ட முனைந்தார்.

1902 ஜூலை 17-ஆம் நாள் அவர் வரைபடங்கள் முடிவுற்றன. அப்போது அவருக்கு வயது 25. அச்சகத்தின் வெப்பநிலை குளிர்காலத்தில் 70 பாரன்ஹீட் பாகை, கோடையில் 80 பாகை. ஒப்பு ஈரப்பதம் ஆண்டு முழுதும் 55 விழுக்காடு என்பது அவர் வகுத்த இலக்கு. ஊற்றுக் கிணற்று நீர் ஒரு குழாய்த் தொகுதியிலும், அம்மோனியாப் பொறி தந்த குளிர் மற்றொரு தொகுதியிலுமாக வேலை செய்தன. அவை தந்த குளிர்ச்சி, ஒரு நாளில் 1,08,000 பவுண்டு பனிக்கட்டியை உருக்கினால் கிடைப்பதற்குச் சமம். மனிதர் இளைப்பாறுவதற்காக அன்றி, தாள் சுருங்காமல் இருப்பதற்காகவே நவீனக் காற்றுப்பதனம் பிறந்தது என்பது சுவையான செய்தி.

பனிமூட்டத்தில் தோன்றிய எண்ணம்

இத்துடன் கேரியரின் மனம் அமைதியடையவில்லை. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் ஒருநாள் மாலை, பிட்ஸ்பர்க் இரயில் நிலைய மேடையில் வண்டிக்காகக் காத்திருந்தார். எங்கும் பனிமூட்டம். மற்றவர்கள் வண்டி தாமதமாகுமே என்று கவலைப்பட்டிருக்கக்கூடும். கேரியரோ பனிமூட்டத்தையே ஆராயத் தொடங்கினார்.

இந்தக் காற்று நீராவியால் தெவிட்டியிருக்கிறது. இதன் ஒப்பு ஈரப்பதம் நூறு விழுக்காடு. ஆயினும் குளிராக இருப்பதால், இதிலுள்ள நீரின் அளவு மிகக் குறைவே. இயற்பியல் மாணவர்கள் இதை எளிதில் உணர்வர். ஒரு கன மீட்டர் காற்று 30 செல்சியஸ் பாகையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியை ஏற்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று அதிகம். ஆகவே, காற்றை 10 பாகையில் தெவிட்ட வைத்துப் பிறகு சற்றுச் சூடேற்றினால், அதில் இருக்கும் நீர் எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும். பனிமூட்டத்தைப் பொறிக்குள் உண்டாக்கி, அதன் வெப்பநிலையை மட்டும் ஆண்டால் போதும்; விரும்பிய ஈரமுள்ள காற்றைப் பெறலாம்.

அதற்கு அவர் கண்ட வழி, குளிர்ந்த நீரைத் தூவானமாகத் தெளித்து அதனூடே காற்றைச் செலுத்துவது. நீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவதா என்று கேட்போருக்கு நகைப்பு வரும். ஆனால் தூவானம் காற்றின் பனிநிலையை விடக் குளிர்ந்திருந்தால், காற்றிலுள்ள நீராவி அத்துளிகளின்மேலேயே படிந்து வடிந்துவிடும். இந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தூவானத்திலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் கொண்டு நிலைநிறுத்தி, அதன் வழியாக ஈரப்பதத்தை ஆளும் முறைக்கு 1914-இல் மற்றொரு காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் அவர் கண்டுபிடித்தது அன்று. விஸ்கான்சின் மாநில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர் வாரன் ஜான்சன் 1883-லேயே ஒரு மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வெப்பத்தை மட்டும் அறியும் அக்கருவியை ஈரத்துக்கும் காவல் வைத்தது கேரியரின் நுண்ணறிவு.

பெயரும் சூத்திரமும்

நூற்பாலைகளில் சிக்கல் நேர்மாறானது. அங்கே காற்று வறண்டால் நூல் அறும். கோவைப் பகுதி ஆலைகளில் ஈரக்காற்று செலுத்துவதை நாம் அறிவோம். வட கரோலினா மாநிலத்து ஆலைகளில் இப்பணியில் ஈடுபட்டிருந்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற பொறியாளர் 1906-இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லைப் படைத்தார். பிள்ளை ஒருவருடையது; பெயர் மற்றொருவர் இட்டது! கேரியர் தயங்காமல் அப்பெயரை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு அம்மாநிலத்தின் பெல்மாண்ட் நகர் ஆலை ஒன்றில் அவர் கருவி அமைந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானின் யோகோஹாமா பட்டாலைக்கும் கடல் கடந்து சென்றது. புகையிலை, மிட்டாய், மருந்துக் குப்பி, திரைப்படச் சுருள் ஆகிய தொழில்களும் அவரை நாடின.

1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தம் ஆய்வுரையை அளித்தார். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை, ஈரக்குமிழ் வெப்பநிலை ஆகியவற்றுக்கிடையே உள்ள தொடர்பை அவ்வுரை சூத்திரங்களாக வகுத்தது. அவர் வரைந்த ஈரக்காற்று வரைபடத்தின் வழித்தோன்றல்களே இன்றும் பொறியியல் மாணவர் மேசையில் கிடக்கின்றன. அதுவரை கைப்பழக்கமாக இருந்த ஒரு தொழில் அன்று அறிவியலாயிற்று.

எழுவர் துணிவு

1914-இல் உலகப் போர் மூண்டது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனம் பொறியியல் அமைப்புப் பணியை விட்டுவிட்டுப் பொருள் உற்பத்தியோடு நிற்க முடிவு செய்தது. பதின்மூன்று ஆண்டு உழைப்பு தெருவில் நிற்கும் நிலை. கேரியரும் லைலும் மேலும் ஐவரும் தங்கள் சேமிப்பைத் திரட்டினர். சேர்ந்த தொகை 32,600 டாலர். 1915 ஜூன் 26-ஆம் நாள் கேரியர் பொறியியல் நிறுவனம் பிறந்தது. போர்க்காலத்தில் உறுதியான வேலையை விட்டு, சேமித்ததையும் பணயம் வைப்பது எளிய செயலா? குடும்பங்களுக்குப் பொறுப்பானவர்கள் அவர்கள். ஒருவரையொருவர் நம்பியதே அவர்களின் மூலதனம்.

அக்காலக் குளிர்பதனப் பொறிகள் உருவத்தில் யானை, ஓட்டத்தில் அதிர்ச்சி, உள்ளே நச்சுத்தன்மை வாய்ந்த அம்மோனியா. மக்கள் கூடும் இடத்தில் அவற்றை வைக்க அஞ்சினர். கேரியர் மையவிலக்கு முறையில் சுழலும் புதிய அமுக்கியை உருவாக்கினார். அம்மோனியாவுக்கு மாற்றாக டைலீன் என்ற திரவத்தைப் பயன்படுத்தினார். 1922 மே மாதத்தில் நியூவார்க் நகரில் அப்பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. தொழிற்சாலைக்குள் இருந்த இதமான காற்று, மக்கள் மன்றத்துக்கு வர வழி திறந்தது.

1924-இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பல்பொருள் அங்காடி மூன்று பொறிகளை அமைத்தது. அங்கே மலிவு விற்பனை நாட்களில் நிலத்தடித் தளத்து நெரிசலில் மக்கள் மயங்கி விழுவது வழக்கமாக இருந்தது.

1925 மே மாத இறுதியில் நியூயார்க் ரிவோலி திரையரங்கில் நடந்தது புகழ்பெற்ற சோதனை. கோடையில் திரையரங்குகள் காற்று வாங்கும். வருவோரும் கைவிசிறியோடு வருவர். பொறியை ஓட்டத் தாமதமானதால், கதவு திறந்தபோது அரங்கம் இன்னும் குளிரவில்லை. நிறைந்த கூட்டத்தின் கைகளில் விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. மேலே நின்ற கேரியரும் நண்பர்களும் திரையைப் பார்க்கவில்லை; விசிறிகளையே பார்த்தனர். மெல்ல மெல்ல ஒரு விசிறி மடிந்தது, பிறகு பத்து, பிறகு நூறு. இறுதியில் பிடிவாதமாக வீசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினர். மாடியிலிருந்து கவனித்த படத்துறைத் தலைவர் அடால்ஃப் சூகரும் நிறைவடைந்தார். அடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான திரையரங்குகள் இவ்வழியைப் பின்பற்றின. 1928-இலும் 1929-இலும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குளிர்ந்தன.

ஓடும் வண்டிக்குள் ஒரு வீடு

நிற்கும் கட்டடத்தோடு இக்கலை நிற்கவில்லை. 1930-இல் பால்டிமோர்–ஓஹையோ இரயில்வேயின் ‘மார்த்தா வாஷிங்டன்’ என்ற உணவுப் பெட்டி கேரியர் நிறுவனத்தால் குளிரூட்டப்பட்டது. புகையும் தூசியும் புகாமல் சன்னலை மூடி, ஓடும் வண்டியில் அமைதியாக உணவருந்த முடிந்தது. அந்தத் தொடக்கத்தின் தொடர்ச்சியாக, பேருந்திலும் காரிலும் குளிர்ச்சி குடியேறியது. பின்னர், விடுமுறைக் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் என்ற சக்கர வீட்டிலும் அது வந்தது. அடுக்களை, படுக்கை, குளியலறை அனைத்தும் ஓர் அறையளவுக்குள் அடங்கிய அந்த வீட்டில், கேரியர் கண்ட உண்மையை மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

டிரெய்லரின் கூரைமேல் மணிக்கு 13,500 அல்லது 15,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் குளிர்பதனப் பெட்டி இருக்கும். 12,000 பி.டி.யு. என்பது ஒரு டன் குளிர்ச்சி. அதாவது, 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாளில் உருகித் தரும் அளவு. புரூக்ளின் அச்சகம் கேட்டது 54 டன். சக்கர வீட்டுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் போதும். சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். அதனுடன் விசிறிக்கு மூன்று நிலைகள்: தானியங்கி, மெதுவேகம், மிகுவேகம். தெர்மோஸ்டாட்டைத் தாழ்வாக வைத்தால் விரைவில் குளிரும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அக்கருவி ஒரு வாயிற்காவலன் போன்றது. குறித்த வெப்பநிலை வந்ததும் அமுக்கியை நிறுத்தும், ஏறியதும் ஓட்டும். எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பது அதன் கையில் இல்லை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

ஈரத்தைக் கவனிப்பது விசிறியின் பொறுப்பாகிறது. அமுக்கி ஓடும்போது குளிர்ந்த சுருளின்மேல் நீர் அரும்பி வடிகிறது. விசிறி தானியங்கி நிலையில் இருந்தால், அமுக்கி நின்றதும் அதுவும் நிற்கும். சுருளில் தங்கிய நீர் வடிந்து வெளியே போகும். மெதுவேகத்திலோ மிகுவேகத்திலோ நிலையாக வைத்தால், பல வண்டிகளில் அமுக்கி நின்ற பின்னும் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். சுருளிலுள்ள நீர் மீண்டும் ஆவியாகி அறைக்குள்ளேயே வந்து சேரும். வெளியேற்றிய ஈரத்தை நாமே மறுபடி அழைத்து வருகிறோம்! வெப்பமானி குளிர்ச்சியைக் காட்டும். படுக்கை விரிப்போ பிசுபிசுக்கும். சில நாட்களில் அலமாரி மூலையில் பூஞ்சணம் பூக்கும். ஆகவே ஈரமிக்க இரவில் தானியங்கி நிலையே நன்று.

கடும் வெயிலில் நிலை வேறு. அப்போது மிகுவேகம் தேவை. சுருளின்மேல் போதிய காற்று சென்றால்தான் முழுக் குளிர்ச்சியும் அறைக்கு வரும். மெதுவேகத்தில் சுருள் மேலும் குளிரும்; ஈரம் அதிகம் வடியும். ஆனால் காற்று மிகக் குறைந்தாலோ, வடிகட்டியில் தூசி அடைத்தாலோ, சுருளின்மேல் பனிக்கட்டியே படிந்து காற்று வரும் வழியை அடைத்துவிடும். அப்போது அமுக்கியை நிறுத்தி, விசிறியை மட்டும் மிகுவேகத்தில் ஓட்டிப் பனியை உருக்கி, வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டும். தேவைக்கு மிகப் பெரிய பொறியை வைப்பதும் தவறு. அது சட்டென்று குளிரச் செய்து சட்டென்று நின்றுவிடும். ஈரம் வடிய நேரமிராது.

குளிர்காலத்திலும் இதே விதிதான். மூடிய சிறு அறையில் மூச்சும் சமையலும் விடும் நீராவி, குளிர்ந்த சன்னல் கண்ணாடியில் துளியாகப் படியும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், தூய்மை ஆகிய நான்கும் சேர்ந்ததே காற்றுப்பதனம் என்று கேரியரின் துறை வகுத்த இலக்கணம், ஒரு சிறு சக்கர வீட்டின் மூன்று விசிறி நிலைகளுக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது.

இறுதிக் காலம்

1928-இல் வீடுகளுக்கென ஒரு பொறியைக் கேரியர் நிறுவனம் வெளியிட்டது. ஆனால் 1929-இல் வந்த பெரும் பொருளாதார வீழ்ச்சி அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. 1930-இல் வேறு இரு நிறுவனங்களோடு இணைந்து அவர் நிறுவனம் பிழைத்தது; 1937-இல் சிரக்யூஸ் நகருக்கு இடம் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, உயர வானில் பறக்கும் விமானங்களைச் சோதிக்கக் கிளீவ்லண்டில் அமைந்த காற்றுச் சுரங்கத்துக்கு, சுழியத்துக்குக் கீழே 67 பாரன்ஹீட் பாகைக் குளிரை அளிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. தம் பணிகளில் இதனை மிக உயர்வாக அவர் கருதினார்.

சொந்த வாழ்வில் துயரம் அவரை விடவில்லை. முதல் மனைவி 1912-இலும் இரண்டாம் மனைவி 1939-இலும் மறைந்தனர். தத்தெடுத்த இரு மைந்தரை வளர்த்தார். சிந்தனையில் மூழ்கினால் உலகையே மறந்துவிடுவார். பெரிய பெட்டியோடு வெளியூர் கிளம்பியவர், போய்த் திறந்தபோது உள்ளே ஒரு கைக்குட்டை மட்டுமே இருந்தது என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1950 அக்டோபர் 7-ஆம் நாள், 73-ஆம் வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். வீடுதோறும் குளிர்சாதனம் பரவிய காலம் அதன் பிறகே வந்தது. தாம் நட்ட மரத்தின் முழு நிழலை அவர் காணவில்லை.

முடிவுரை

அந்த நிழலுக்கு விலையும் உண்டு. பின்னாளில் இத்தொழிலில் பரவிய குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைத்தன. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை அவற்றுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்கள் புவியைச் சூடாக்குவதால், 2016-இல் கிகாலியில் மற்றொரு உடன்பாடு தேவைப்பட்டது. விசிறிகளும் குளிர்சாதனங்களுமாக உலக மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்களவு விழுங்குவதாக 2018-இல் கணக்கிடப்பட்டது. அறைக்குள்ளிருந்து வெளியேற்றிய வெப்பம் தெருவில் நடப்பவன் முகத்தில் அடிக்கிறது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இதற்கு விடை கேரியரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அச்சத்தால் கூட்டிய பங்கை அளவினால் குறைத்ததே அவர் செய்த முதல் பணி. எவ்வளவு தேவை என்று தெரியாதவனே மிகையாகச் செலவிடுகிறான். தெர்மோஸ்டாட்டை இயன்றவரை தாழ்த்தி வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவோன், வெப்பத்தை மட்டும் எண்ணி ஈரத்தை மறந்தவன். ஈரத்தை வெளியேற்றி, காற்றை மெல்ல ஓடவிட்டால், சில பாகை கூடுதலான வெப்பநிலையிலும் உடல் இதமாக இருக்கும், மின்சாரமும் மிஞ்சும்.

மாணவ நண்பர்களே! பின்னக் கணக்கு புரியாமல் திகைத்த ஒரு கிராமத்துச் சிறுவன், பிறர் வீட்டு அடுப்புக்குக் கரி தள்ளிப் படித்து, எல்லோரும் சபித்த பனிமூட்டத்தில் ஒரு விதியைக் கண்டான். நம் ஆய்வுக்கூடத்து ஈரமானியும் அதே விதியைத்தான் பேசுகிறது. அடுத்த முறை அதன் ஈரக்குமிழைப் படிக்கும்போது, மதிப்பெண்ணுக்குரிய ஒரு சோதனையாக மட்டும் அதைக் கருதாமல், ஆப்பிளை வெட்டிக் காட்டிய அந்தத் தாயையும் விசிறிகள் மடிவதைப் பார்த்து நின்ற அந்த மனிதரையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.